‘பாவம்’ என்று சொன்னதற்கு ஒரு விசாரணை

1

இந்த மாசியோடு நான் அடிலெய்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம் முடிந்தது. வருடா வருடம் அந்த நாளில் மகள் யாழினியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிடுவது எங்கள் வழக்கம். நாமக்கல்காரிக்குக் கடல் எத்தனை வருடம் ஆனாலும் சுற்றுலாதான். இந்த முறை போகவில்லை. அன்று காலை வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேலாளர் ஹெலனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. முதல் வரியே இதுதான்: “உங்களைக் குறித்து ஒரு கவலை எழுப்பப்பட்டுள்ளது.”

எழுப்பியவர் யார், என்ன கவலை, எதுவும் அந்த வரியில் இல்லை. இந்த ஊர் அலுவலக ஆங்கிலத்தில் இப்படிச் சில வாக்கியங்கள் உண்டு. செயல் இருக்கும், செய்த ஆள் இருக்க மாட்டார்.

நான் இங்கே ஒரு பகல்நேர மையத்துக்கு வேன் ஓட்டுகிறேன். நடக்க முடியாதவர்கள், பார்வை இல்லாதவர்கள், மனவளர்ச்சி குறைந்தவர்கள் என்று எட்டுப் பேரைக் காலையில் அவரவர் வீட்டு வாசலில் ஏற்றி மையத்தில் இறக்கிவிட வேண்டும். மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும். சக்கர நாற்காலியோடு ஆளைத் தூக்கி ஏற்றும் லிஃப்ட் ஒன்று வேனின் பின்பக்கம் இருக்கிறது. ஏழு வருடமாக ஓட்டுகிறேன். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. என்மேல் ஒரு புகார் வந்ததில்லை.

அதற்கு அடுத்த வரிகளில், ஒரு பயணியின் கண்ணியத்தைப் பாதிக்கும் சொல்லை நான் பயன்படுத்தியதாகத் தகவலாம். விசாரணை முடியும்வரை அந்த வழித்தடத்தில் நான் ஓட்டக் கூடாது. வேறு வழித்தடம் தருவார்கள். யாரிடமும் இதைப் பற்றிப் பேசக் கூடாது. மனச்சோர்வு ஏற்பட்டால் இன்ன எண்ணை அழைக்கலாம்.

மனச்சோர்வு ஏற்பட்டது. இந்த மாதிரி வேலை செய்ய இங்கே ஒரு தகுதிச் சான்று வேண்டும். புகார் உறுதியானால் அதை மறுபடி பரிசீலிப்பார்கள். அது போனால் இந்த ஊரில் எந்த மையத்திலும் யாரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். யாழினிக்குப் பதினாறு வயது, பள்ளியில் கடைசி இரண்டு வருடம். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து யோசித்தேன். யாரிடம் என்ன சொன்னேன்? கோபமாகப் பேசினேனா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

2

மறுநாள் வந்த படிவத்தில் அந்தச் சொல் இருந்தது. மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். “புவர் திங்.”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய திங்கட்கிழமை காலின் என்று ஒரு புதுப் பயணி சேர்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். அகலமான தோள், வெயிலில் வெந்த முகம், தலையில் பழைய தொப்பி. சக்கர நாற்காலியில் வாசலிலேயே காத்திருந்தார். லிஃப்டில் ஏற்றி, நாற்காலியின் சக்கரங்களை வேனின் தரையோடு கொக்கி போட்டுக் கட்டும்போது பேச்சுக் கொடுத்தேன்.

“என்ன வேலை பார்த்தீங்க?”

“லாரி. இருபத்திரண்டு வருஷம். வடக்கே டார்வின்வரைக்கும் மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுவேன். இப்ப என்னைத்தான் சரக்கு மாதிரி ஏத்தி இறக்கறாங்க.”

என் அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லிலிருந்து குவாஹாட்டிக்குப் போனால் திரும்பி வர ஒரு மாதம் ஆகும். வந்து இரண்டு நாள் வீட்டில் இருந்தால் மூன்றாம் நாள் கை சும்மா இருக்காமல் கட்டில் காலைத் தட்டிக்கொண்டிருப்பார். ஓட்டுகிறவனுக்கு ஓட்ட முடியாமல் போவது என்னவென்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

“அய்யோ” என்றேன் தமிழில். பிறகு, “ஓ, புவர் திங்!” என்றேன். நாக்கால் ஒரு ‘உச்’ வேறு கொட்டி, தோளைத் தட்டிக் கொடுத்தேன். வேனில் மற்ற ஏழு பேரும் இருந்தார்கள்.

காலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புது இடம், கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் வண்டியை எடுத்தேன்.

பாவம் என்பது நம் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? மழையில் நனைகிற நாய் பாவம். பரீட்சையில் ஒரு மார்க்கில் போன பையன் பாவம். தேர்தலில் தோற்ற அமைச்சர்கூட ஒரு நாள் பாவம். அதில் கொஞ்சம் பிரியம், கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது எல்லாம் இருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் ‘திங்’ இருக்கிறது. பொருள். ஏற்கெனவே தன்னைச் சரக்கு என்று சொல்லிக்கொண்ட மனிதரிடம் ஆமாம், பொருள்தான் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் பிறகு யோசித்தது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறுதல் சொன்னதற்கு விசாரணையா? என்ன ஊர் இது?

3

மூன்று வாரம் அப்படியே ஓடியது.

படிவம் நான்கு பக்கம். “சம்பவத்தின்போது உங்கள் நோக்கம் என்ன?” என்று ஒரு கேள்வி, அதற்கு மூன்று வரி இடம். எனக்கு முப்பது வரி வேண்டும், அல்லது ஒரு வரியும் வேண்டாம். எழுதி எழுதி அடித்தேன்.

ஓய்வறையில் ஒரு பஞ்சாபி ஓட்டுநர் இருந்தார். எதையும் நான் சொல்லவில்லை. வழித்தடம் மாறியதை வைத்தே புரிந்துகொண்டார். டீக் கோப்பையை என் முன் வைத்து, “சிஸ்டர், காலை வணக்கம், பெல்ட் போடுங்க, நன்றி. இந்த மூணுக்கு மேல வாயைத் திறக்காதீங்க. நான் அப்படித்தான் நாலு வருஷம் ஓட்டினேன்” என்றார்.

நானும் அப்படியே செய்தேன். புது வழித்தடத்தில் ஜூலி என்று ஒரு பெண். வயது முப்பத்தைந்து, மனம் எட்டு வயதில் நின்றுவிட்டது. தினமும் ஒரு பூப்போட்ட கவுன் போட்டுக்கொண்டு ஏறுவாள். ஏறியதும் என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள். அழகாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரும். உடையைப் பற்றிச் சொல்லலாமா? உடம்பைப் பற்றிச் சொன்னதாக ஆகிவிடுமா? “காலை வணக்கம். பெல்ட் போடுங்க” என்பேன். நான்காம் நாள் ஜூலி சுற்றவில்லை. என் இருக்கைக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள்.

“என் மேல கோபமா?”

“இல்லை, ஜூலி.”

“நான் என்ன தப்புப் பண்ணினேன்?”

அந்தக் கேள்வியை நான்தான் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அதை நானே இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டேன். பார்த்துப் பேசு, பார்த்துப் பேசு என்று ஒரு ஊரே சொன்னால் பாதிப் பேர் பார்த்துப் பேசுவார்கள். மீதிப் பேர் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள். நிறுத்துகிறவர்கள்மேல் யாரும் புகார் எழுதுவதில்லை. ஆனால் ஜூலி மாதிரி ஒருத்திக்கு அது எப்படி இருக்கும் என்பதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. “கவுன் நல்லாருக்கு” என்றேன். வந்தது வரட்டும் என்று தோன்றிவிட்டது.

வீட்டில் வேறு மாதிரி. யாழினி என்னைத் திருத்த ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. நான் யாரையாவது குண்டு என்றால், கறுப்பு என்றால், எதிர்வீட்டுப் பையன் பொட்டச்சி மாதிரி அழுகிறான் என்றால், “அம்மா, அப்படிச் சொல்லக் கூடாது” என்பாள். எனக்கு அது, நீ இந்த ஊருக்கு லாயக்கில்லை என்று சொல்வது போலக் கேட்கும். இப்போது படிவத்தைப் பார்த்ததும் அவள் நான் நினைத்ததுபோல் ‘சொன்னேனே’ என்று சொல்லவில்லை. முகம் வெளுத்துப் போனது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு காகிதத்தோடு வந்தாள்.

“மீட்டிங்ல இதை அப்படியே படிங்க. வேற எதுவும் பேசாதீங்க. ப்ளீஸ்மா. நீங்க பேசினா இன்னும் மோசமாயிடும்.”

அருமையான ஆங்கிலம். என் சொல் ஏற்படுத்திய தாக்கத்துக்கு முழுப் பொறுப்பு ஏற்கிறேன், என் அறியாத பாரபட்சங்களை எதிர்கொள்ளும் பயணத்தில் இருக்கிறேன், தொடர்ந்து கற்றுக்கொள்வேன். படித்துப் பார்த்தேன். அது யாருடைய பயணம் என்று எனக்குத் தெரியவில்லை.

4

கொஞ்சம் ஊர்க் கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு இராசிபுரத்தில் கல்யாணம் ஆனது. ஒன்றரை வருடத்தில், யாழினி வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது, ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி நாமக்கல்லுக்கு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்கு எல்லோரிடமும் சொல்லி அலுத்துவிட்டது.

ஏனென்றால் எல்லோரும் வந்தார்கள். தெருவிலிருந்து, ஒன்றுவிட்ட சொந்தத்திலிருந்து, யார் என்றே தெரியாத வீட்டிலிருந்து. வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, என் வயிற்றைப் பார்த்து நாக்கால் ‘உச்’ கொட்டுவார்கள். “பாவம், இந்த வயசுல.” வாசல் தாண்டியதும் அடுத்த சொல் வரும். “வாழாவெட்டியா வந்து உக்காந்துட்டா.” அது என் காதில் விழும் தூரத்தில்தான் சொல்லப்படும்.

என்னைத் திட்டியவர்களை நான் மறந்துவிட்டேன். திட்டினால் திருப்பித் திட்டலாம். பாவம் என்றவர்களிடம் என்ன செய்வது? அவர்கள் ஒரு படி மேலே நின்றுகொண்டு குனிந்து சொன்னார்கள். சித்தி மகள் கல்யாணத்தில் சீர்த்தட்டு எடுக்கக் கை நீட்டினேன். ஒரு அத்தை தட்டைப் பிரியமாக வாங்கிக்கொண்டு, “நீ பின்னால வா சாமி, பாவம், மாசமா இருக்கறவ” என்றார். மாசமாக இருந்த இன்னொரு பெண் தட்டோடு எனக்கு முன்னால் நடந்தாள்.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. யாழினி பிறந்து ஆறு மாதம் கழித்து, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த பொட்டல் காட்டுக்கு என்னைக் கூட்டிப்போய் ஸ்டீரிங் முன்னால் உட்கார வைத்தார். ஊரே என்னைப் பாவம் என்று சொன்ன அந்த வருடத்தில் அவர் என்னிடம் சொன்னது, “கிளட்ச்ச மெதுவா விடு.”

அந்தச் சமயம் ஒரு உதவித்தொகைக்கு எழுதிப் போட ஒரு சான்றிதழ் கேட்டார்கள். ‘கணவரால் கைவிடப்பட்ட பெண்’ என்று சான்றிதழ். அலுவலகத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

“அவரு என்னைக் கைவிடலீங்க. நாந்தான் வந்துட்டேன்.”

அவர் நல்ல மனிதர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அதுக்கு ஃபாரம் இல்லீங்களேம்மா” என்றார்.

நான் வாங்காமல் வந்துவிட்டேன்.

பிறகு இங்கே வந்தேன். அப்பா லாரியைக் கைமாற்றிவிட்டு என்னைப் படிக்க அனுப்பினார். இரண்டு வருடம் கழித்து யாழினியை அழைத்துக்கொண்டேன். அவளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது படிவத்தில் தந்தை பெயர், தாய் பெயர் என்று இல்லை. ‘பெற்றோர் ஒன்று, பெற்றோர் இரண்டு’ என்று இருந்தது. இரண்டைக் காலியாக விட்டுவிட்டு நீட்டினேன். அந்தப் பெண் அதை வாங்கி, கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, “சாப்பாட்டில் ஏதாவது ஒவ்வாமை உண்டா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். வெளியே வந்து ஒரு மரத்தடியில் நின்று அழுதேன். பெற்றோர் ஒன்று, பெற்றோர் இரண்டு என்று எழுதுவதை நம் ஊரில் சிலர் கேலி செய்து அனுப்பும் படங்கள் என் கைப்பேசிக்கும் வருகின்றன. அந்தக் காலிக் கட்டம் எனக்குக் கூரையாக இருந்தது.

இதையெல்லாம் அறிந்தவள்தான் நான். ஆனாலும் காலினிடம் ‘உச்’ கொட்டும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பஸ் சீட்டுக்கு மேலே ‘ஊனமுற்றோர்’ என்பதை அழித்து ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று எழுதிய காலத்தில் எங்கள் மாமா ஒருவர், “பேரை மாத்துனா கால் வந்துருமாக்கும்?” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கால் வராதுதான். ஆனால் காலுக்காக அந்த எழுத்தை மாற்றவில்லை என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

5

சந்திப்பு ஒரு வியாழக்கிழமை காலை. சின்ன அறை. மேசையில் தண்ணீர், ஒரு பெட்டி நிறையக் கண் துடைக்கும் காகிதம். ஹெலன் நடுவில். காலின் ஜன்னலுக்குப் பக்கத்தில். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

நான் யாழினியின் காகிதத்தை எடுத்துப் படித்தேன். முதல் வரி, இரண்டாம் வரி. ‘அறியாத பாரபட்சங்கள்’ என்ற இடத்தில் நாக்கு இடறியது.

“இது யார் எழுதினது?” என்றார் காலின்.

“என் மகள்.”

“கெட்டிக்காரி. ஆனா எனக்கு இந்தப் பேப்பர் வேண்டாம். அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னே? அதைச் சொல்லு.”

ஹெலன் உடனே, “மல்லிகா, இதற்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை” என்றார். நல்ல எண்ணத்தில்தான். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். யாழினி வேண்டாம் என்று சொன்னதைத்தான் செய்யப்போகிறேன் என்று தெரிந்தது.

“எங்க அப்பா லாரி டிரைவர்” என்றேன். “அவர் வண்டி ஓட்டலைன்னா எப்படி இருப்பாருன்னு எனக்குத் தெரியும். நீங்க இருபத்திரண்டு வருஷம்னு சொன்னதும் அவர் ஞாபகம் வந்துருச்சு. அதான் சொன்னேன்.”

காலின் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆனா அது மட்டும் இல்லை. எங்க ஊர்ல என்னையும் அப்படிச் சொல்லியிருக்காங்க. புருஷனை விட்டுட்டு வந்தப்போ. தினமும். நீங்க ஜன்னல் பக்கம் திரும்பினீங்களே, நானும் அப்படித்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக்குவேன். அந்தச் சொல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சும் நான் உங்களைச் சொல்லிட்டேன். எனக்கு அதுதான் வெக்கமா இருக்கு.”

இவ்வளவையும் என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இடையில் இரண்டு முறை தமிழ் வந்துவிட்டது. கண் துடைக்கும் காகிதத்தை ஹெலன் எடுத்துக்கொண்டார்.

காலின் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். “அந்த வேன்ல ஏற நான் எட்டு மாசம் தள்ளிப் போட்டேன்” என்றார் கடைசியில். “வேற ஒருத்தர் ஓட்டற வண்டியில பின்னால உக்காரணும்ல. அன்னைக்குக் காலைல டிரைவர் சீட்டைப் பார்க்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சிட்டு ஏறினேன். ஒரு ஜோக் அடிச்சா சமாளிச்சிடலாம்னு பார்த்தேன். நீ சிரிச்சிருந்தா போதும்.”

“சிரிச்சிருக்கணும்” என்றேன்.

“ஆமா.”

தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, “உங்க அப்பா வண்டிக்கு எத்தனை சக்கரம்?” என்றார்.

“பத்து.”

“என்னுதுக்கு அறுபத்திரண்டு. பின்னால மூணு டிரெய்லர்.” அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு இளப்பம் தெரிந்தது, டிரைவர்களுக்கே உரிய இளப்பம். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

ஹெலன் கோப்பைத் திறந்து காலின் எழுதிக் கொடுத்ததைக் காட்டினார். ‘நீங்கள் எதிர்பார்க்கும் தீர்வு’ என்ற கட்டத்தில் ஒரே வரி. இனி அவர் அப்படிச் சொல்லாமல் இருந்தால் போதும்.

போதும்! மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சான்று போய், வேலை போய், பெண்ணைக் கூட்டிக்கொண்டு விமான நிலையத்தில் நிற்பதுவரை கற்பனை செய்துவிட்டேன். இந்த ஒரு வரியை என்னிடம் முன்பே காட்டியிருக்கக் கூடாதா? காட்டக் கூடாதாம், விதி.

“வேன் கதவுக்கிட்டயே சொல்லியிருக்கலாமே?” என்று காலினிடம் கேட்டேன். கேட்டபிறகுதான் கேட்டிருக்கலாமா என்று தோன்றியது.

“அங்க சொல்லியிருந்தா கத்தியிருப்பேன். மோசமா ஏதாவது சொல்லியிருப்பேன். உன் நிறத்தைக்கூடச் சொல்லியிருப்பேன். ஃபாரத்துல கத்த முடியாதுல்ல” என்றார்.

அது எனக்கு இன்றுவரை யோசனையாக இருக்கிறது. அந்த நான்கு பக்கக் காகிதம் எனக்கு மூன்று வாரத் தூக்கத்தைக் கெடுத்தது. அது போன்ற இன்னொரு காகிதம்தான், சொன்னால் திரும்ப எடுக்க முடியாத ஒரு சொல்லை என்மேல் விழாமல் தடுத்தும் இருக்கிறது. இந்த ஊரின் எச்சரிக்கைப் பேச்சைப் பழித்து எழுதவே இந்தக் குறிப்புகளைத் தொடங்கினேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பழிக்கவும் இருக்கிறது. ஓய்வறையில் யாரும் சிரிப்பதில்லை. ஜூலியின் கவுனைப் பாராட்டப் பயப்படுகிறோம். மனப்பாட மன்னிப்புகள் பெருகிவிட்டன. ஆனால் முழுதாகப் பழிக்க எனக்குக் கை வரவில்லை.

திங்கட்கிழமை முதல் பழைய வழித்தடம் என்றார் ஹெலன். சான்றைப் பற்றிக் கேட்டேன். “அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் முடித்துவிட்டேன்” என்றார். வெளியே வந்து வேனில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பசித்தது, அப்படி ஒரு பசி. டாஷ்போர்டில் இருந்த இரண்டு பாக்கெட் பிஸ்கட்டையும் அங்கேயே தின்று முடித்தேன்.

6

சாயங்காலம் யாழினி பள்ளி வாசலில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

“படிச்சீங்களா?”

“ரெண்டு வரி படிச்சேன். வேண்டாம்னுட்டாரு.”

“அய்யய்யோ. அப்புறம்?”

“நானா பேசினேன்.”

கண்ணை மூடிக்கொண்டாள். “வேலை?”

“இருக்கு.”

அவள் அழுதது எனக்கு எதிர்பாராதது. நடைபாதையில் நின்று, அவள் சினேகிதிகள் பார்க்கப் பார்க்க அழுதாள். இப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் உங்களைத் திருத்திக்கொண்டே இருந்தேன், யாராவது உங்களை ஏதாவது பண்ணிவிடுவார்கள் என்று பயமாக இருக்கும் என்றாள். மூன்று வருடமாக அவளுக்கு என்னைக் கண்டு வெட்கம் என்று நினைத்திருந்தேன். பயம் என்று தெரியாமல் போனது.

காரில் வரும்போது என்ன பேசினேன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் அப்பாவை விட்டு நான் வந்தது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தவை தெரியாது. சீர்த்தட்டு வரைக்கும் சொன்னேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“வாழாவெட்டின்னா என்னம்மா?”

சிக்னலில் பச்சை விழுந்தது. நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

என் மகளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. அவளுக்குத் தெரியாத தமிழ்ச் சொற்களுக்காக நான் எத்தனையோ முறை வருந்தியிருக்கிறேன். ‘கொள்ளு’ தெரியாது, ‘ஒரம்பரை’ என்றால் சொந்தக்காரர்கள் என்று தெரியாது, சாயங்காலம் வருவதை ‘பொழுதோட வாரேன்’ என்றால் சூரியனோடு வருகிறாயா என்பாள். பிள்ளை கை நழுவிப் போகிறாள் என்று எண்ணி ஏங்குவேன். இந்த ஒரு சொல்லும் அவள் கையில் நில்லாமல் நழுவியிருக்கிறது. அவளைக் குறிவைத்து எறியக் கூடிய சொல்தான். வாழாவெட்டியின் மகள் என்று அவளையும் சொல்லியிருப்பார்கள். எறிந்தாலும் அது என்னவென்றே அவளுக்குத் தெரியாது.

“பழைய வார்த்தை” என்றேன். “இப்ப யாரும் சொல்றதில்லை.”

7

அந்தப் பொய் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா நாமக்கல்லிலிருந்து கூப்பிட்டார்.

“பக்கத்து ஊட்டுக் கவிதா இல்ல, போன வருசம் கண்ணாலம் பண்ணிக் கொடுத்தாங்களே. பொட்டியத் தூக்கிட்டு வந்துட்டா சாமி. வாழாவெட்டியா... பாவம், நெம்பச் சின்ன வயசு.”

“அம்மா, அவகிட்ட அப்படிச் சொன்னீங்களா?”

“இன்னும் போயே பாக்கல. இப்பத்தான் போலாம்னு. தெருவே போயிட்டு வந்துருச்சு, நாம்போகாம இருந்தா நல்லாருக்குமா?”

“பாவம்னு சொல்லாதீங்கம்மா. அந்த இன்னொரு சொல்லும் வேண்டாம்.”

“பின்ன என்னன்னு சொல்றது? ஆறுதலா ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?”

“என்னைப் பார்க்க வந்தவங்க சொன்னதெல்லாம் உங்களுக்கு நல்லா இருந்துச்சுங்களாம்மா?”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிப்பது கேட்டது. நான் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று பயந்தேன். யாழினி என்னைத் திருத்தும் அதே குரலில் நான் அம்மாவைத் திருத்தியிருந்தேன்.

“இல்ல சாமி” என்றார் அம்மா. “அப்ப அந்தப் பொம்பளைகளுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தேனே, அதை நெனச்சா இப்பவும் ஆத்தாமையா இருக்குது.” பிறகு, “சொல்லு, போயி என்னத்தப் பேசறது?”

“பேசவே வேண்டாம். சாப்பிட்டயான்னு கேளுங்க. நம்ம ஊட்டுக்குக் கூட்டிட்டு வாங்க.”

அடுத்த ஞாயிறு நானே கூப்பிட்டேன். அம்மாவின் குரல் கலகலவென்று இருந்தது. கவிதா தினமும் மத்தியானம் வருகிறாளாம். முதல் நாள் நான்கு தோசை சாப்பிட்டுவிட்டு, பாயைப் போட்டு இரண்டு மணி நேரம் தூங்கினாளாம். அவள் வீட்டில் ஆள் வந்துகொண்டே இருப்பதால் தூக்கமே இல்லையாம். “நான் ஒண்ணும் கேக்கல, அவளும் சொல்லல. டீவி பாக்கறோம்” என்றார். “இந்தா, இங்கதான் இருக்கறா, பேசு.”

நான் மறுப்பதற்குள் போன் கை மாறிவிட்டது. எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. இத்தனை எழுதுகிற எனக்கே தெரியவில்லை.

“அக்கா” என்று அவளே ஆரம்பித்தாள். “அங்க இப்ப வெயிலுங்களா, குளிருங்களா?”

இங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றேன். இங்க அனல் அடிக்குதுங்க, மொட்டை மாடியில கால் வைக்க முடியலீங்க என்றாள். அங்கே வெயிலாக இருக்கும்போது இங்கே ஏன் குளிர் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அளவு விளக்கினேன், பூமி சாய்ந்திருப்பதை. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மாவிடம் திரும்பி அதைச் சொல்லிச் சிரித்தாள். அப்படியே இருபது நிமிடம் வெயிலையும் குளிரையும் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தோம்.